பள்ளத்தில் இறங்காதவள்

வெளிநாட்டுக்குப் போய்ப் படிக்க மூளை வேண்டும், மொழி வேண்டும், நடந்து தேய்க்க நல்ல செருப்பு வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். வேண்டியது கண்ணீர். மற்றதெல்லாம் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பெரியவளுக்கு இதை யாரும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்குப் பாடப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு விமானம் ஏறினாள். வீட்டில் இரண்டு பெண்களில் மூத்தவள் என்பதால் பெரியவள்; ஆள் என்னவோ நிமிர்த்தி வைத்த பெட்டியைவிடக் கொஞ்சம்தான் உயரம். பிசியோதெரபி கடைசி வருஷம். வகுப்பில் முதல் மாணவியும் இல்லை, கடைசி மாணவியும் இல்லை. ஆனால் அந்தக் கோடைக்காலப் படிப்புக்கு அவள் அளவுக்கு ஆசைப்பட்டவர்கள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள். காரணம் அவள் தங்கையின் வலது கை.

தங்கையைச் சின்னவள் என்பார்கள். சலவைக் கடை ஒன்றில் துணி தேய்க்கும் நீராவி இயந்திரத்தில் வேலை பார்த்தாள். ஒரு நாள் மேல்தட்டு இறங்கும்போது அவள் உள்ளங்கை நடுவில் மாட்டிக்கொண்டது. புண் ஆறிவிட்டது. ஆறினதுதான் வம்பாகப் போயிற்று. வெந்த தோல் ஆறும்போது சுருங்கும். சுருங்கச் சுருங்க விரல்களை உள்ளே இழுக்கும். விரல்களைத் திறந்த நிலையில் பிடித்து வைக்க ஸ்பிளிண்ட் என்று ஒன்று உண்டு. சுடுதண்ணீரில் போட்டால் இளகுகிற பிளாஸ்டிக் தகட்டை எடுத்து, அந்தந்தக் கைக்கு ஏற்றபடி வளைத்து, இறுகியதும் பட்டை போட்டுக் கட்டுவார்கள். ஊர் ஆஸ்பத்திரியில் இருந்ததோ எல்லாக் கைக்கும் பொதுவான ஒரே அளவு. அது சின்னவள் கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. "இந்தக் கோடைக்குள்ள விரலைத் திறந்து வச்சுட்டா பிழைச்சோம். விட்டுட்டா அப்புறம் கத்திதான். கத்தி வச்சாலும் நான் உறுதி சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டர்.

உள்ளங்கைத் தீக்காயத்துக்கு விரல் விரலாக ஸ்பிளிண்ட் செய்வதில் பேர்போன ஆசிரியர் ஒருவர் அந்த வெளிநாட்டு நிறுவனத்தில் இருந்தார். மாணவர்கள் அவரைக் கைக்காரர் என்பார்கள். அந்தக் கோடையோடு அவருக்கு ஓய்வு. பெரியவள் விண்ணப்பித்தாள், இடம் கிடைத்தது. கிளம்பும்போது சின்னவள், "நீ கத்துக்கிட்டு வர்ற வரைக்கும் நான் எப்படியாவது பிடிச்சு வச்சிருக்கேன்க்கா" என்று விரல்களைத் தூக்கிக் காட்டினாள். பெரியவள் சிரித்துக்கொண்டே டாக்ஸியில் ஏறினாள்.

நிறுவனத்தின் வரவேற்புக் கூடத்தில் சுவர் முழுக்க ஒரு கோடு வரைந்திருந்தார்கள். இடப்பக்கம் உயரத்தில் தொடங்கி, நடுவில் தொபீரென்று கீழே விழுந்து, வலப்பக்கம் மறுபடி மேலே ஏறியது. விழுந்த இடத்தில் கருநீலச் சாயம் பூசி, முன்னால் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். முக்காலிக்குப் பக்கத்தில் ஒரு மணி தொங்கியது. ஏதோ நவீன ஓவியம் என்று பெரியவள் நினைத்தாள். அந்தக் கோடுதான் அங்கே மதம், சட்டம், சாப்பாடு எல்லாம் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இயக்குநர் அம்மாள் மேடை ஏறினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுகிறவர் அவர். எதிரே இருப்பவர்களைப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு நேர்ந்ததே இல்லை.

"பிள்ளைங்களா, வெளிநாட்டுக்கு வர்றவங்களுக்கு முதல்ல சந்தோஷம் வரும். அப்புறம் அதிர்ச்சி வரும், வீட்டு ஏக்கம் வரும், அழுகை வரும். அதுதான் பள்ளம். பள்ளத்துல இறங்கி ஏறினவங்களுக்குத்தான் படிப்பு ஒட்டும். எங்க முதல் இயக்குநர் கண்டுபிடிச்ச உண்மை இது. அவர் வாழ்நாள்ல எந்த ஊருக்கும் போனதில்லை. அதனாலதான் அவரால நடுநிலையா ஆராய்ச்சி பண்ண முடிஞ்சது. இன்னொண்ணு பெருமையாச் சொல்லிக்கறேன். இதுவரைக்கும் எங்ககிட்ட ஒரு மாணவர்கூட ஃபெயில் ஆனதில்லை. ஃபெயில் ஆகற மாதிரி எதையும் நாங்க நடத்தறதே இல்லை."

கூடம் கைதட்டியது. பெரியவளும் தட்டினாள். எல்லோர் கழுத்திலும் வெள்ளை அட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள். பள்ளத்தில் இறங்கியவுடன் அது நீல அட்டையாக மாறும் என்றார்கள்.

கைதட்டல் அடங்குவதற்குள் பின் வரிசையில் ஒருவன் விசும்பினான். அவன் பெட்டி விமான நிலையத்தில் தொலைந்துபோய்விட்டது. மாற்றுச் சட்டை இல்லை. வேறு இடமாக இருந்தால் யாராவது ஒரு சட்டை கொடுத்திருப்பார்கள். இங்கே நாலு அதிகாரிகள் ஓடிப்போய் அவனை அலாக்காகத் தூக்கி வந்து முக்காலியில் உட்காரவைத்து, மணியை அடித்து, போட்டோ எடுத்து, நீல அட்டையை மாட்டினார்கள். "முதல் நாளே இறங்கிட்டார்!" என்று இயக்குநர் அம்மாள் நெகிழ்ந்தார். அன்றிலிருந்து அவனுக்கு அழுமூஞ்சி என்று பேர். அங்கே அது பட்டம்.

மறுநாள் காலை பெரியவள் குளித்து முடித்துப் பையை மாட்டிக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் கைக்காரர் வகுப்பு வாசலில் போய் நின்றாள். கண்ணாடிக் கதவு. உள்ளே மேஜை மேல் தண்ணீர்த் தொட்டி, வெள்ளைத் தகடுகள், வளைந்த கத்தரிக்கோல்கள். கைப்பிடியைத் தொடப் போனாள்.

"வெள்ளை அட்டைங்க" என்றார் வாசல் காவலாளி.

"ஆமாங்க. இந்தக் கிளாஸ்லதான் எனக்கு இடம்."

"இடம் இருக்குங்க. நீங்க இன்னும் அழலையே."

அவர் கிண்டல் செய்கிறாரோ என்று பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. பின்னால் வந்த அழுமூஞ்சி, இரவல் சட்டையில், அவளை லேசாக ஒதுக்கிவிட்டு உள்ளே போனான். காவலாளி அவனுக்கு வணக்கம் வைத்தார்.

வெள்ளை அட்டைக்காரர்களுக்கு என்றே ஓர் அதிகாரி இருந்தார். பள்ள அலுவலர். அவர் அறையில் நாற்காலி, மேஜை, ஜன்னல், அலமாரி என்று எங்கே பார்த்தாலும் டிஷ்யூ பெட்டி. குரல் பஞ்சு போல மெத்தென்று இருக்கும். பெரியவளை உட்காரவைத்த நாற்காலி அப்படியே அமுங்கி, அவள் முகவாய் மேஜை விளிம்புக்கு வந்தது.

"வீட்டு ஞாபகம் வருதாம்மா?"

"வருது சார்."

"யாரை நினைச்சா ரொம்ப வருது?"

"தங்கச்சியை." அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இயந்திரம், உள்ளங்கை, சுருங்கும் தோல், டாக்டர் சொன்ன கெடு. சொல்லச் சொல்ல அவர் டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். "அதனால நான் இன்னைக்கே கிளாஸுக்குப் போகணும் சார்" என்று அவள் முடித்ததும், பெட்டியை மறுபடி தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இவ்வளவு சோகமான விஷயத்தை இவ்வளவு தெளிவாச் சொல்றீங்களே. எனக்கே பயமா இருக்கு."

"தெளிவாச் சொன்னாதான் டாக்டருங்க காது கொடுத்துக் கேப்பாங்க. அப்படியே பழகிடுச்சு சார்."

"மனசு உறைஞ்சு கிடக்கு." அவர் பெருமூச்சு விட்டார். "பாருங்க, நான் வெளிநாடே போனதில்லை. ஆனா ஏக்கம்னா என்னன்னு எனக்கு நல்லாத் தெரியும். உதவி இயக்குநர் பதவிக்கு எத்தனை வருஷமா ஏங்கறேன்! நானே ஏங்கும்போது உங்களால முடியாதா?"

அவள் மனசு உறைந்தும் கிடக்கவில்லை, காய்ந்தும் கிடக்கவில்லை. தீக்காய வார்டில் கட்டு மாற்றும்போதெல்லாம் சின்னவள் புண்ணைப் பார்க்க மாட்டாள். அக்கா முகத்தைத்தான் பார்ப்பாள். அந்த முகம் கோணினால் அலறுவாள். கோணாவிட்டால் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வாள். அதனால் பெரியவள் முகத்தை நேராக வைத்துக்கொள்ளப் பழகினாள். படாத பாடுபட்டுப் பழகினாள். தங்கை மேல் வைத்த பாசத்தில் பாதி அந்த முகத்தில்தான் இருந்தது. அதற்கு அந்த அறையில் கிடைத்த பேர் நோய்.

அவளை உறைநிலைப் பிரிவில் சேர்த்தார்கள்.

முதலில் ஒலி அறை. வெளிநாட்டு மாணவர்களை உருகவைப்பதற்காக வீட்டுச் சத்தங்களைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். யாரோ ஒரு அம்மா யாரையோ அதட்டினாள். குழாயில் தண்ணீர் விழுந்தது. அடுத்த வீட்டுக்காரர்கள் சண்டை போட்டார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சில் மாதக்கணக்கில் உட்கார்ந்தே தூங்கியிருந்த பெரியவள், அந்தச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கிப்போனாள். "சிகிச்சையை எதிர்க்கிறார்" என்று முடிவு கட்டினார்கள்.

அடுத்தது அம்மா கைப்பக்குவம். அவள் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று விசாரித்து, அதை வாழ்க்கையில் கண்ணால் பார்த்திராத சமையல்காரரிடம் சொல்லிச் செய்யவைத்தார்கள். தட்டில் வந்து விழுந்ததைப் பார்த்து மற்ற வெள்ளை அட்டைகளில் இரண்டு பேருக்கு உண்மையாகவே கண்ணீர் வந்துவிட்டது. அவர்கள் கரையேறினார்கள். பெரியவள் பசியோடு இருந்தாள். சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டாள்.

இதற்கிடையில் நாட்கள் போய்க்கொண்டிருந்தன. தினமும் அவள் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்ப்பாள். கைக்காரரின் முதுகு தெரியும். அவர் கை என்ன செய்கிறது என்பது தெரியாது, முதுகு மறைத்துவிடும். வகுப்பு முடிந்து வெளியே வரும் அழுமூஞ்சியைப் பிடித்து, "இன்னைக்கு என்ன சொல்லிக் கொடுத்தாரு?" என்று கேட்பாள்.

"ஏதோ பிளாஸ்டிக்கை வேகவச்சாரு."

"வேகவச்சு? எந்தப் பக்கத்துலேர்ந்து வளைச்சாரு? மணிக்கட்டா, விரலா?"

"ஐயோ, அதையெல்லாமா பார்ப்பாங்க? நான் தூங்கிட்டேன். நான் இங்க வந்ததே பீச்சுக்காகத்தான்." அவன் கெட்டவன் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணும்னா உனக்காக நாளைக்கு முழிச்சிருக்கப் பார்க்கறேன்" என்றான். மறுநாளும் தூங்கினான்.

வீட்டுக்கு வீடியோவில் பேசும்போது சின்னவள் முகம் மட்டும் தெரியும். "கையைக் காட்டுடி" என்றால், "கைல மாவு இருக்கு", "போன் பிடிச்சிருக்கேன்ல", "அப்புறம் காட்டறேன்" என்று ஏதாவது சொல்வாள். "நீ நல்லாக் கத்துக்கறியாக்கா?" என்று கேட்பாள். "கத்துக்கறேன்" என்பாள் பெரியவள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பொய் சொல்லிக்கொண்டு, சிரித்தபடி போனை வைப்பார்கள்.

உறைநிலைப் பிரிவின் பெரிய செலவினம் வாடகைத் தாய். நாடக வாய்ப்பு இல்லாத நடிகை ஒருவரை நிறுவனம் அமர்த்தியிருந்தது. அழாத மாணவர்களின் தலையைக் கோதி, நெற்றியில் முத்தமிட்டு, விமான நிலையத்தில் வழியனுப்புவது போல நடிக்க வேண்டும். பள்ள அலுவலர் கதவோரம் கையில் மணியோடு நின்றார்.

"போய்ட்டு வாடி என் கண்ணு. அம்மாவை மறந்துடாதே. வேளாவேளைக்குச் சாப்பிடு..."

பெரியவள் அந்த அம்மாளின் கையைப் பிடித்தாள். பழக்கதோஷம், விரல் மூட்டுகளைத் தடவிப் பார்த்தாள். "மூட்டெல்லாம் வீங்கியிருக்கே, வலிக்கலையாம்மா? நீங்க சாப்பிட்டீங்களா?"

வாடகைத் தாய்க்கு வசனம் மறந்துபோயிற்று. "என்னை யாரும் இப்படிக் கேட்டு எத்தனை காலம் ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பித்தவர், ஓவென்று அழுது பெரியவள் தோளில் சாய்ந்துவிட்டார். விதிமுறைப்படி அந்த அறையில் யார் அழுதாலும் மணி அடிக்க வேண்டும். அடித்தார்கள். யார் அழுது மணி அடித்ததோ அவருக்குத்தான் நீல அட்டை. வாடகைத் தாயை முக்காலியில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். நீல அட்டைக்கு வகுப்பில் இடம் தர வேண்டும் என்பதும் விதி. காலியாகக் கிடந்த ஒரே இடம் கைக்காரர் வகுப்பில், பெரியவளுடையது.

"என் இடம் சார் அது!"

"இடம் உங்களுக்குன்னு யார் சொன்னா? இறங்கினவங்களுக்கு" என்றார் பள்ள அலுவலர். "நீங்க இறங்குங்க, உங்களுக்கு ஒரு நாற்காலி தனியாப் போடச் சொல்றேன்."

அன்று பெரியவள் செய்த காரியத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கடைக்குப் போய்த் தலைவலித் தைலம் ஒரு புட்டி வாங்கி வந்து, இரண்டு கண்ணுக்குக் கீழேயும் அப்பிக்கொண்டாள். தாரை தாரையாகக் கொட்டியது. வழியில் எதுவும் தெரியாமல் சுவரைத் தடவிக்கொண்டே போய்ப் பள்ள அலுவலர் முன்னால் நின்றாள்.

அவர் பதறவில்லை. எழுந்து வந்து, அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய், மதுவை முகர்ந்து பார்க்கிறவரைப் போலக் கண்ணை மூடினார். "தைலம். கற்பூரம் தூக்கலா இருக்கு. இதுல வர்றது கண்ணீர் இல்லம்மா, கசிவு." பிறகு அந்தப் பஞ்சுக் குரல் கொஞ்சமும் உயராமல், "பொய்ப் பள்ளத்துக்குத் தண்டனை உண்டு. ஒரு வாரம் நீங்க அந்த வகுப்பு இருக்கற மாடிக்கே போகக் கூடாது" என்றார்.

அந்த ஒரு வாரத்தில் ஒரு நாள் கைக்காரரே கீழே வந்து மாட்டிக்கொண்டார். கட்டிடத்துக்குப் பின்னால் குப்பைத் தொட்டியருகே தனியாக நின்று புகை பிடித்துக்கொண்டிருந்தார். பெரியவள் ஓடிப்போய், மூச்சு வாங்க, ஊரை விட்டுக் கிளம்புமுன் எடுத்த சின்னவள் கையின் போட்டோவைக் காட்டினாள். அவர் சிகரெட்டைக் கீழே போட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கண் பளபளத்தது.

"ஆஹா! என்ன அருமையான கை! இப்படி ஒரு கேஸ் என் கிளாஸுக்கு வந்ததே இல்லை. இதுக்கு எல்லாரும் நடுவிரல்லேர்ந்து ஆரம்பிச்சுக் கெடுத்துடுவாங்க. நீ என்ன பண்ணணும்னா, முதல்ல கட்டைவிரலை..."

அப்போதுதான் அவர் கண் அவள் கழுத்துக்குப் போயிற்று. "அடடா, வெள்ளையா?" என்று போனைச் சுடுகிற பாத்திரம் போலத் திருப்பிக் கொடுத்தார்.

"கட்டைவிரலை என்ன சார் பண்ணணும்? ஒரு வார்த்தை சார்."

"கோவிச்சுக்காதம்மா. இன்னும் கொஞ்ச நாள்ல எனக்குப் பிரிவு உபசார விழா. மேடை, மாலை, எல்லாம் ஏற்பாடு ஆகியிருக்கு. இப்பப் போய் விதியை மீறினேன்னு பேர் வந்தா..." அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "நீ அழுதுட்டு வா. எவ்வளவு வேணும்னாலும் சொல்லித் தர்றேன்." அணையாத சிகரெட்டை அங்கேயே விட்டுவிட்டு நடையைக் கட்டினார். உலகத்திலேயே அந்தக் கையைத் திறக்கத் தெரிந்த மனிதர் அவர் ஒருவர்தான் என்று பெரியவள் நம்பியிருந்தாள். இப்போதும் நம்பினாள். அவர் முதுகைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஆத்திரத்துக்கு அங்கே அட்டை கிடையாது.

கோடை முடிகிற வாரம் வந்தது. கூடத்தில் எல்லோர் கழுத்திலும் நீலம். பெரியவள் கழுத்தில் மட்டும் வெள்ளை. சேர்ந்த அத்தனை பேரும் பள்ளத்தில் இறங்கினார்கள் என்பதுதான் நிறுவனத்தின் பெருமை. விளம்பரப் பலகை முதற்கொண்டு அதைத்தான் சொல்லியது. ஒரு பிசியோதெரபிக்காரி அதில் ஓட்டை போடப் பார்க்கிறாள்.

இயக்குநர் அம்மாள் அவசரக் கூட்டம் கூட்டி, "அந்தப் பொண்ணுக்கு நாம என்னதான் குறை வச்சோம்?" என்று குரல் தழுதழுக்கக் கேட்டார். "வீட்டு ஞாபகம் வரட்டும்னு தூங்க விட்டோம், சாப்பிட விட்டோம், ஒரு அம்மாவையே கொடுத்தோம். படிப்புத் தொந்தரவு ஒரு நாள் கூட இல்லாம பார்த்துக்கிட்டோம். நன்றியில்லாம கண்ணைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்கா."

பள்ள அலுவலர் எழுந்தார். "அவசரத்துக்குக் கூப்பிடச் சொல்லி வீட்டு நம்பர் கொடுத்திருக்காங்க மேடம். இதைவிட அவசரம் என்ன இருக்கு? நான் பேசிப் பார்க்கறேன்."

பேசினார். சின்னவள் இடது கையால் போனை எடுத்தாள்.

"உங்க அக்கா அழ மாட்டேங்கறாங்கம்மா" என்றார் அவர், ஏதோ பள்ளிக்கூடத்தில் பென்சில் திருடியதைச் சொல்கிற தொனியில். "அழாததனால வந்த நாள்லேர்ந்து கிளாஸுக்குள்ள விட முடியலை. உங்க வீட்டுல ஏதாவது சோகமான விஷயம் நடந்திருக்கா? மூடி மறைச்சு வச்சிருந்தா இப்பச் சொல்லிட்டா நல்லது."

அக்கா ஒரு நாள்கூட வகுப்புக்குப் போகவில்லை என்பது சின்னவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அழுதா உள்ள விடுவீங்களா?"

"அந்த நிமிஷமே."

"அக்கா கத்துக்க முடியுமா?"

"கதவையே திறந்து விடுவோம்மா."

"அப்ப இருக்கு சார்" என்றாள் சின்னவள். "ஒண்ணு இருக்கு."

நிறைவு விழாவன்று கூடம் நிரம்பி வழிந்தது. சிறந்த மாணவி விருது வாடகைத் தாய்க்குக் கிடைத்தது. நன்றி சொல்ல வந்தவர் மறுபடி அழுதார், மறுபடி மணி அடித்தார்கள். கைக்காரருக்கு முந்தின நாளே மாலை போட்டாகிவிட்டது. பெரியவளை முன் வரிசைக்கு அழைத்து வந்து, அந்த முக்காலியில் உட்காரச் சொன்னார்கள். எதிரே திரை. ஏதோ பாட்டு போடப் போகிறார்கள் என்று நினைத்தாள்.

திரையில் வீடியோ அழைப்பில் சின்னவள் வந்தாள். கூடத்துச் சுவர் உயரத்துக்கு அவள் முகம். தலை வாரி, நல்ல சட்டை போட்டிருந்தாள்.

"அக்கா, நான் சொல்றதைக் கேட்டுக் கோவிச்சுக்காத" என்றாள். பிறகு வலது கையைத் தூக்கி வைத்தாள்.

நாலு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கி ஒட்டியிருந்தன. நகங்கள் தோலுக்குள் போய், சுற்றிலும் சிவந்திருந்தது. கட்டைவிரல் மேலே குறுக்கே கிடந்தது. மணிக்கட்டில் கயிறு அறுத்த தழும்பு.

"ரொம்ப நாள் முன்னாடியே மூடிக்கிச்சுக்கா. நீ படிக்கறப்ப கலங்கிடுவேன்னு காட்டலை. மரக்கரண்டியை உள்ள விட்டுக் கட்டிப் பார்த்தேன். வலியில துணியைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். நீ வர்ற வரைக்கும் பிடிச்சு வைக்கணும்னுதான் பார்த்தேன். முடியலைக்கா."

பெரியவள் முகத்தை நேராக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். தங்கை அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் உதடு போயிற்று. பிறகு எல்லாம் போயிற்று. வார்டில் வராதது, விமானத்தில் வராதது, குப்பைத் தொட்டியருகே வராதது எல்லாம் சேர்ந்து வந்தது. முக்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, வாயில் கையை அடைத்துக்கொண்டு அழுதாள். பார்க்கச் சகிக்கவில்லை.

மணி அடித்தது. கூடமே எழுந்து நின்று கைதட்டியது. அழுமூஞ்சி மட்டும் எழுந்திருக்காமல் தலையைக் குனிந்துகொண்டான். இயக்குநர் அம்மாள் அன்றுதான் முதல்முறையாகக் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி ஒரு மாணவியைப் பார்த்தார். "இந்த மாதிரி ஆழமான பள்ளத்தை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை!" என்றார். பள்ள அலுவலருக்கு உதவி இயக்குநர் பதவி அந்த மேடையிலேயே அறிவிக்கப்பட்டது. போட்டோக்காரர் பெரியவளை முகத்தை மூடாமல் இன்னொரு தடவை அழச் சொன்னார். சின்னவள் தெரிந்த திரையை அணைத்துவிட்டார்கள்.

நீல அட்டை கழுத்தில் ஏறியதும் பெரியவள் எழுந்தாள். யாரையும் பார்க்கவில்லை. மாடிப்படி ஏறி ஓடினாள். காவலாளி விறைப்பாக நின்று வணக்கம் வைத்தார். "இப்ப போங்கம்மா. இனி உங்களை யாரும் தடுக்க முடியாது" என்று கண்ணாடிக் கதவை இரண்டு பக்கமும் அகலமாகத் திறந்துவிட்டார்.

உள்ளே நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துக் காயவைத்திருந்தார்கள். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த பெண், "எல்லாம் முடிஞ்சுடுச்சேம்மா. அந்த சார் காலையிலயே பெட்டியோட கிளம்பிட்டாரு, நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றாள். குப்பைக் கூடையில் வெட்டி எறிந்த வெள்ளைத் தகட்டுத் துண்டுகள் கிடந்தன. பெரியவள் ஒன்றை எடுத்து வளைத்துப் பார்த்தாள். சூடு இல்லாததால் வளையவில்லை.

போன் அடித்தது. இந்தத் தடவை வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"அக்கா, அவங்க சட்டுன்னு கட் பண்ணிட்டாங்க. உள்ள விட்டாங்களா?"

பெரியவள் அந்த அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

"விட்டாங்கடி. உள்ளதான் நிக்கறேன்."

"அப்பாடா" என்றாள் சின்னவள். "நான்கூட, காட்டியிருக்கக் கூடாதோன்னு பயந்துட்டேன். சரி சரி, போனை வை. சார் என்ன சொல்றாருன்னு கவனி."